கடற்கரைக்குப் பாத்தியதை யாருக்கு?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் போனால் சாகுபுரம் வருகிறது. ஊர் என்று சொல்வதைக் காட்டிலும், ஓர் ஆலையும் அதைச் சார்ந்த குடியிருப்பும் என்று சொல்வதே பொருத்தம். 1950-களின் கடைசியில் அவ்விடத்தில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை ஏற்பட்டது. அதை ஏற்படுத்திய சாகு ஜெயின் குடும்பத்தாரின் பெயரே இடத்துக்கும் பெயராயிற்று. இன்று தஸ்தாவேஜுகளிலும் தபால் விலாசத்திலும் அந்தப் பெயரே வழங்குகிறது.

சுற்றுப்புறத்து ஊர்களின் பெயர்களையோ எந்த முதலாளியும் சூட்டவில்லை. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று அடுத்தடுத்து நிற்கும் அவ்வூர்களே இரண்டாயிரம் ஆண்டுச் சரித்திரம். பாண்டியனுடைய முத்துத் துறையாகிய கொற்கையை ஆற்று மண் தூர்த்துவிட, துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயலுக்கும், முடிவில் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. கடல் விலக விலக அதன் பின்னாலேயே சென்று குடியேறிய ஜனங்கள் இன்றும் அக்கரையில் இருக்கிறார்கள். ஆனால் தாங்கள் வலை உலர்த்தும் மணலுக்கு இன்னார் பாத்தியஸ்தர் என்று காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நேற்று வந்த ஆலைக்கு எல்லைக் கல்லும் பத்திரமும் இருக்கின்றன. அதற்கு முன்பிருந்தே அங்கே கட்டுமரம் தள்ளியவனுக்கு ஒன்றுமில்லை. தொழிற்சாலைகளே வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நாம் சேரவில்லை. எனினும் இந்த வித்தியாசம் எப்படி ஏற்பட்டது, இதைச் சரிப்படுத்த வழி உண்டா என்று தேச ஊழியர்கள் யோசிக்கவேண்டிய காலம் வந்துவிட்டதென்பது நம் அபிப்பிராயம்.

இந்த யோசனையை நமக்கு எழுப்பியது ஒரு நாவல். உவரியில் பிறந்து கப்பல் வியாபாரத் துறையில் தொழில் செய்துவரும் ஸ்ரீ ஜோ டி குரூஸ் எழுதிய 'கொற்கை' 2009-இல் வெளிவந்தது. 2013-ஆம் வருஷத்து சாகித்ய அகாடமி பரிசையும் பெற்றது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலில், 1914 முதல் 2000 வரை தூத்துக்குடிப் பரதவர்களுடைய வாழ்வு, தோணித் தொழிலின் உயர்வும் தாழ்வும், 'பாண்டியபதி' என்ற பட்டத்துடன் ஆண்ட ஜாதித் தலைமையின் அஸ்தமனம், கொழும்புப் போக்குவரத்து, குடும்பச் சண்டைகள், கடன்கள் எல்லாம் சொல்லப்படுகின்றன. அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன், 2004-இல், அவர் வெளியிட்ட 'ஆழி சூழ் உலகு' கட்டுமரத்தில் போகும் மீனவரின் கதை. இரண்டிலும் பாஷை கரையின் பாஷை. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மரத்தின் உறுப்புகளுக்கும் மீன் வகைகளுக்கும் அக்கரையார் வழங்கும் சொற்கள், அகராதிகளில் இடம்பெறாத சொற்கள், அங்கே நூற்றுக்கணக்காகக் கிடக்கின்றன. உள்நாட்டு வாசகன் சில பக்கங்களில் தடுமாறத்தான் செய்வான். தடுமாறட்டும். வயலுக்கும் வாய்க்காலுக்கும் நம் இலக்கியத்தில் இருக்கும் சொல்வளத்தைக் கண்டு கடற்கரைக்காரன் எத்தனை நூற்றாண்டு தடுமாறியிருப்பான்!

கதையை விமரிசிப்பது நம் நோக்கமன்று. நாம் கவனிக்கும் விஷயம் வேறு. இக்கரையைப் பற்றி இதற்கு முன் எழுதியவர்கள் யார், எதற்காக எழுதினார்கள் என்பதை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் இந்த நாவலாசிரியர் செய்திருக்கும் காரியம் விளங்கும்.

கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரையக் கடல் பயண நூல்' கொற்கையைக் குறிப்பிடுகிறது. அங்கே பாண்டிய ராஜனுக்குச் சொந்தமான முத்துச் சலாபம் இருக்கிறதென்றும், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அதில் வேலை செய்கிறார்கள் என்றும் அது சொல்லுகிறது. முத்துக் குளிப்பவனைப் பற்றி அந்நிய நாட்டான் எழுதிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அவனைக் கைதியாகக் காட்டுகிறது! பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, வர்த்தகர்கள் கூலிக்கு ஆள் அமர்த்தி முத்தெடுப்பித்தார்கள் என்றும், எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கும், சுறா முதலிய பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போயிற்றென்றும் குறித்திருக்கிறார். பிறகு போர்த்துகீசியர் வந்தனர். கடலில் தங்களை நெருக்கியவர்களிடமிருந்து பாதுகாப்பு வேண்டிப் பரதவர்கள் கொச்சிக்குத் தூது சென்றதும், 1530-களில் திரளாக ஞானஸ்நானம் பெற்றதும், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கடைசியில் ஆங்கிலேயர் வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் முதலில் கைவைத்தது முத்துச் சலாபத்தில்தான்.

ஆங்கிலேய சர்க்கார் காலத்துக் கணக்கை நேயர்கள் கவனிக்கவேண்டும். மூச்சடக்கிப் பத்துப் பாகம் ஆழத்தில் இறங்கி, காதில் இரத்தம் கசியச் சிப்பி பொறுக்கி வந்தவன் கரையில் அவற்றைக் கொட்டியதும் பங்கு பிரிக்கப்படும். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. எஞ்சிய ஒரு பங்கைக் குளித்தவனும் அவனைச் சேர்ந்தவர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மார்க்கோ போலோ காலத்து முறைக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. கூலி முறையையும் பங்கு முறையையும் அப்படியே தராசில் நிறுத்துவது சரியாகாது. ஆனாலும் ராஜபாகம் என்ற பெயரில் பத்தில் ஒன்று வாங்கிய இடத்தில் மூன்றில் இரண்டு வாங்குமளவுக்கு 'கடல் சர்க்காருடையது' என்ற கொள்கை வளர்ந்துவிட்டதை யாரும் மறுக்கமுடியாது.

சங்கின் கதை இன்னும் விசித்திரமானது. வங்காளத்துப் பெண்கள் அணியும் வளையலுக்கு நம் கடற்சங்கு போவதை நேயர்கள் அறிவார்கள். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், இராமநாதபுரம் கடலோரச் சங்குப் படுகை பற்றிய ஒரு வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்தது. குத்தகை எடுத்தவனுடைய அநுமதியின்றி உயிர்ச்சங்கைக் குளித்தெடுப்பது திருட்டுக் குற்றமாகும் என்று தீர்ப்பாயிற்று. திறந்த கடலின் அடியில் யாரும் விதைக்காமல், யாரும் நீர் பாய்ச்சாமல் வளர்ந்த சங்கு ஜமீனுடைய சொத்து. பாட்டன் காலம் முதல் அதை எடுத்துவந்தவன் திருடன்! சட்டம் கற்றவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றியிராது. படுகைக்குக் குத்தகைச் சீட்டு இருந்தது, குளித்தவனுடைய பழக்கத்துக்குச் சீட்டு இல்லை, அவ்வளவுதான்.

சுயராஜ்யம் வந்த பின்னரும் சங்குக் குளிப்பு நெடுங்காலம் சர்க்காரின் ஏகபோகமாகவே நடந்தது. முத்துச் சலாபம் 1955 முதல் 1961 வரை நடந்து பிறகு நின்றுபோயிற்று. அதற்குப்பின் தூத்துக்குடிப் பாரில் முத்துக் குளிப்பு நடக்கவில்லை. 1973-இல் விஞ்ஞானிகள் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் செயற்கை முறையில் முத்து விளைவித்து வெற்றி கண்டார்கள். அது பாராட்டத்தக்க சாதனை. குளித்தவன் என்ன ஆனான் என்று கேட்டவர்கள் குறைவு. முத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது, முத்து நகரம் என்ற பட்டமும் ஊருக்கு இருக்கிறது. தொலையிரம் பார் என்ற பெயரைக் கேட்டு, அது எங்கே கிடக்கிறது என்று கைநீட்டிக் காட்டக்கூடிய கிழவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறார்கள்.

ஆகவே நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்தெல்லாம் வரி வாங்கியவன், வியாபாரம் செய்தவன், மதம் போதித்தவன், குத்தகை விட்டவன் ஆகியோர் எழுதிவைத்தவை. 'கொற்கை'யில்தான் அக்கரையில் பிறந்த ஒருவர் தம் ஜனங்களின் கணக்கை அவர்களுடைய வாய்ச்சொல்லாலேயே எழுதுகிறார். அவர் தம்மவரைப் புகழ்ந்து மட்டும் எழுதவில்லை என்பதையும் சொல்லவேண்டும். குடியும் பொறாமையும் உட்பகையும் மேசைக்காரர்களின் அகம்பாவமும் நூல் நெடுக வருகின்றன. சொந்த ஊரார் சிலர் மனம் கசந்ததில் வியப்பில்லை. ஆனால் சாட்சி என்பவன் தன் கட்சிக்குப் பாதகமானதையும் சொன்னால்தான் அவன் சாட்சியத்துக்கு மதிப்பு.

தூத்துக்குடிக்கு இந்த வழக்கு புதிதன்று என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். 1906-இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஏற்படுத்தியபோது, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையேயுள்ள கடலில் கப்பல் விடும் உரிமை ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் சொத்தா என்ற கேள்வியைத்தான் கேட்டார். 1908-இல் அவரைச் சிறையில் அடைத்து அந்தக் கேள்விக்குப் பதில் அளித்தார்கள். இன்று அவ்வூர்த் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. கடலின் மேல்பரப்பில் நம்மவருக்குப் பாத்தியதை உண்டென்பதை நாடு ஒப்புக்கொண்டது. கடலின் அடிப்பரப்புக்கும், கடலோர மணலுக்கும் அந்த நியாயம் இன்னும் இறங்கி வரவில்லை.

மணலின் சங்கதி கிராம கர்ணம் எழுதிவைத்த கணக்கில் இருக்கிறது. பட்டா நிலம் அல்லாதது, தீர்வை இல்லாதது, பொதுவாகக் கிடப்பது ஆகிய யாவும் அந்தக் கணக்கில் 'புறம்போக்கு'. மேய்ச்சல், குளம், மயானம், கடற்கரை எல்லாம் அதில் அடக்கம். ஆதியில் அந்தச் சொல்லுக்கு ஊருக்கெல்லாம் பொதுவானது என்பதே பொருள். நாளடைவில் ஒருவருக்கும் உடைமையல்லாதது, ஆகவே சர்க்கார் விரும்பியவருக்குக் கொடுக்கத்தக்கது என்று பொருள் மாறி, பின்பு மனிதனைத் திட்டும் வசைச் சொல்லாகவும் இழிந்தது. இந்தச் சொல்லை மீட்கவும் ஒரு கலைஞர்தான் முன்வரவேண்டியிருந்தது. 2017-இல் கர்நாடக வித்வான் ஸ்ரீ டி. எம். கிருஷ்ணா, ஸ்ரீ கபேர் வாசுகி இயற்றிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' என்பதை எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் மேட்டிலும் ஆலைகளின் நிழலிலும் நின்று பாடினார். சபாக் கச்சேரிகளில் கேட்கும் ராகங்களை அனல் மின் நிலையத்துக் கழிவின் நடுவே நின்று பாடியதை ஒரு சிலர் கேலி செய்தனர். அந்தப் பாட்டுக்குப் பிறகு அச்சொல்லை வசையாக உச்சரிக்கும்போது நாக்குச் சற்றே தயங்குகிறதென்றால், பாட்டு தன் வேலையைச் செய்துவிட்டது.

ஆனால் நாவலையும் பாட்டையும் கேட்டு ரசித்துக் கைதட்டி அனுப்பிவிட்டால் போதுமா? அவற்றைச் சாட்சியமாக ஏற்கக்கூடிய ஒரு நீதி முறை உலகில் எங்கேனும் உண்டா? உண்டு. அதுவும் நம் கரையைப் போலவே முத்துச் சிப்பிக்குப் பேர்போன கடலையுடைய ஆஸ்திரேலியாவில் உண்டு. அந்த நாட்டின் வரலாறு நமக்குப் பாடமாகவேண்டியதால் சற்று விரிவாகச் சொல்லுகிறோம்.

வெள்ளையர் குடியேறியபோது அக்கண்டம் யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலம் என்று அவர்களுடைய சட்டம் வைத்துக்கொண்டது. நம் புறம்போக்குக் கணக்கின் மூத்த சகோதரன் என்று அந்தக் கொள்கையைச் சொல்லலாம். வடக்கே யிர்க்கலா என்ற இடத்தில் வாழும் யோல்ங்கு என்ற ஆதிக்குடிகளின் நிலத்தை 1963-இல் அலுமினியத் தாது வெட்டுவதற்காகப் பிரித்தெடுத்தார்கள். அம்மக்கள் தங்கள் பாஷையிலும் ஆங்கிலத்திலும் மகஜர் எழுதி, அதை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலச் சித்திரங்களைத் தீட்டிப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சித்திரங்கள் அலங்காரத்துக்காக அல்ல. எந்த நிலத்துக்கும் நீருக்கும் எந்தக் குலம் பாத்தியப்பட்டதோ அந்தக் குலத்தார் மட்டுமே அதற்குரிய கோலத்தைத் தீட்டலாம். மற்றவர் தீட்டினால் குற்றம். ஆகையால் சித்திரமே அவர்களுக்குப் பட்டா. பார்லிமெண்டு மகஜரைப் பெற்றுக்கொண்டது, சுரங்கமும் வந்தது. 1971-இல் கோர்ட்டும், உங்களிடம் ஒழுங்கான சட்டமுறை இருப்பது மெய்தான், ஆயினும் எங்கள் சட்டத்தில் அதற்குச் சொத்துரிமை இல்லை என்று கையை விரித்தது.

அத்துடன் முடிந்திருந்தால் நாம் எழுத ஒன்றுமில்லை. 1992-இல் அந்நாட்டு ஹைகோர்ட், அதாவது அவர்களுடைய தலைமை நீதிமன்றம், 'வெற்று நிலம்' என்ற கொள்கையைத் தள்ளிற்று. அவ்வழக்கைத் தொடுத்த எட்டி மாபோ என்பவர் டாரெஸ் ஜலசந்தித் தீவுக்காரர். முத்துக் குளிக்கும் படகுகளில் வேலை செய்தவர். தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் காலமானார் என்பது வருந்தத்தக்கது. பின்னர் 1996-இல், யோல்ங்குகள் புனிதமாக மதிக்கும் ஒரு நீர்த்துறையில் அநுமதியின்றி நுழைந்த மீன்பிடிப்போர் போட்டிருந்த முகாமையும், வெட்டிப்போட்ட முதலைத் தலையையும் அவர்களில் ஒருவராகிய ஜம்பாவா மராவிலி கண்டார். முதலை அவர் குலத்துக்குத் தெய்வத்துக்கு ஒப்பானது. அவர் சித்திரக்காரர். அடுத்து நடந்ததுதான் அதிசயம். 47 சித்திரக்காரர்கள் கூடி, தங்கள் கடலின் எல்லைகளையும் நீரோட்டங்களையும் அவற்றுக்குரிய புராணங்களையும் 80 மரப்பட்டைகளில் வரைந்தார்கள். அந்தத் தொகுதியை ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்டினார்கள். தேசியக் கடல்சார் காட்சிசாலை அதை வாங்கி வைத்தது. கோர்ட்டில் கடல் உரிமை வழக்கும் நடந்தது. 2008 ஜூலை 30-ஆம் தேதி ஹைகோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. வடபிரதேசத்தில் ஆதிக்குடிகளுக்கு உரிமைப்பட்ட நிலத்தின் ஓரத்தில் ஏறி வடியும் அலைநீரிலும், அவர்களுடைய சம்மதமின்றி யாரும் மீன்பிடிக்கப் புகக்கூடாது என்பது தீர்ப்பு. அப்பிரதேசத்துக் கடற்கரையில் சுமார் 80 சதவீதத்தை அது தொட்டது.

சித்திரம் வரைந்ததனால் வழக்கு ஜயித்தது என்று நாம் சொல்லவில்லை. 1976-இல் இயற்றப்பட்ட ஒரு நில உரிமைச் சட்டம் ஆதாரமாக இல்லாதிருந்தால் எண்பது சித்திரங்களும் காட்சிசாலைச் சுவரோடு நின்றிருக்கும். சட்டத்துக்கு உயிர் கொடுக்க ஜனங்களின் சாட்சியம் வேண்டும். சாட்சியம் கோர்ட்டில் ஏறுவதற்குச் சட்டம் வேண்டும். நம் கரையில் முதலாவது வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுவதை உணருகிறோம். ஆஸ்திரேலிய ஆதிக்குடி வேறு, தூத்துக்குடிப் பரதவர் வேறு. கப்பலோட்டிய, தோணி முதலாளிகளைப் பெற்ற ஒரு சமூகத்தை எப்படிப் பழங்குடி என்று அழைப்பது என்று கேட்பார்கள். மீனவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவேண்டுமென்ற கோரிக்கை நெடுநாளாக இருந்துவருகிறது. அது பட்டியலைப் பற்றிய விவாதம். அதில் நாம் இப்பொழுது இறங்கவில்லை. கடலுக்குப் பாத்தியதை கேட்பதற்கு ஜாதிச் சீட்டு அவசியமென்று நாம் எண்ணவில்லை. இக்கடலில் பரதவர் மட்டுமா குளித்தார்கள்? கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம்கள் முத்துக்கும் சங்குக்கும் பேர்போனவர்கள். பாக் ஜலசந்திக் கரையில் பட்டங்கட்டியார் இருக்கிறார்கள். 'கொற்கை' ஒரு சமூகத்தின் கதை என்பதால் மற்றவர் பாத்தியதை குறைந்துவிடாது. பாண்டியன் வம்சம் நாங்கள் என்ற பெருமை நாவலுக்குச் சுவை தரலாம். கோரிக்கையை அந்தப் பெருமையின் மேல் நிறுத்தினால், மறு சமூகத்தார் வேறொரு வம்சாவளியைக் கொண்டுவருவார்கள். வழக்கம் எவனுடையதோ, உழைப்பு எவனுடையதோ, அவனுடையது துறை என்று நிற்பதே உறுதியான கட்சி.

பெண்களை இதில் மறந்துவிடக்கூடாது. இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-இல் தேசியக் கடற்பூங்காவாக ஆக்கினார்கள். வான் தீவு, காசுவார், காரைச்சல்லி என்று நம் தூத்துக்குடிக்கு எதிரே கிடப்பவையும் அதில் சேர்ந்தவை. பவளப் பாறைகளைக் காக்கவேண்டியது அவசியமே. சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டி அழித்த கொடுமையை நாம் மறக்கவில்லை. ஆனால் பூங்கா என்று கோடு கிழித்த அன்று, அத்தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த இராமநாதபுரத்துப் பெண்கள் ஒரே இரவில் சட்ட விரோதிகள் ஆனார்கள். பாரதிநகர்ப் பெண்கள் மூச்சடக்கி நீருக்குள் பாசி பறிப்பதை மதுரையைச் சேர்ந்த ஸ்ரீ எம். பழனிகுமார் எடுத்த புகைப்படங்களில் காணலாம். விரல்களில் துணிப்பட்டை சுற்றியிருக்கும், கண்களில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. இவர்களுக்குக் கடல் தெரியும் என்பதை அந்தப் படங்களைக் கண்டபின் எந்த உத்தியோகஸ்தரும் மறுக்கமுடியாது. முத்துச் சலாபக் கணக்குகளிலோ நாவல்களிலோ இப்பெண்களுக்கு அதிக இடம் கிடைக்கவில்லை.

ஸ்ரீ ஜோ டி குரூஸ் விஷயமாக இன்னொரு பேச்சும் உண்டு. 2014 தேர்தலில் அவர் ஸ்ரீ நரேந்திர மோடியை ஆதரித்து எழுதினார் என்பதற்காக, 'ஆழி சூழ் உலகு' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் போடவிருந்த ஒரு பிரசுராலயம் பின்வாங்கிற்று. எழுத்தாளனுடைய கட்சி நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமற் போகலாம். கரை ஜனங்களின் சாட்சியத்தை எழுதியவனுடைய ஓட்டை வைத்து நிறுப்பது எந்த நியாயமும் அன்று. அந்தப் பிரசுரம் நின்றதால் நஷ்டப்பட்டது அவரைவிட அவர் எழுதிய ஆமந்துறை மாந்தர்களே.

இனிச் செய்யவேண்டிய காரியத்தைச் சொல்லுகிறோம். மலைவாசிகள் விஷயத்தில் நம் நாடு ஒரு நல்ல முன்மாதிரியை ஏற்படுத்தியிருக்கிறது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் விதிகள், பட்டாவையும் தீர்வை ரசீதையும் மட்டுமே அத்தாட்சியாகக் கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம், முன்னோரின் சமாதிகள், பழைய கிணறுகள், புனித ஸ்தலங்கள், வம்சாவளி ஆகியவற்றையும் சாட்சியமாக ஏற்கலாம் என்கின்றன. அந்தச் சட்டத்தை வைத்துத்தான் ஒரிஸ்ஸாவில் நியமகிரி மலையைச் சுரங்கத்துக்குக் கொடுப்பதைப் பற்றிக் கிராம சபைகளைக் கேட்கும்படி 2013-இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. கேட்கப்பட்ட 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. மலையில் சமாதியும் சுனையும் சாட்சி சொல்லலாமென்றால், கரையில் குருசடியும் தர்காவும் கரைவலைத் துறையும் ஏன் சாட்சி சொல்லக்கூடாது? கோயில் கோபுரத்தையும் மாதா கோயில் உச்சியையும் பனங்கூட்டத்தையும் நேர்கோட்டில் சேர்த்துப் பார்த்து நடுக்கடலில் பாரின் இடத்தைப் பிசகாமல் குறிக்கும் தண்டலுடைய அறிவு எந்தப் புலப்படத்துக்குக் குறைந்தது?

கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பின்படி மாகாண சர்க்கார் தயாரிக்கும் வரைபடங்களில் மீனவ ஊர்களும் அவர்களுடைய பொது இடங்களும் காட்டப்படவேண்டும். தமிழ்நாட்டில் 2023-இல் அவ்வரைபடங்களின் நகல்கள் வெளிவந்தபோது, ஊர்களும் படகு நிறுத்தும் இடங்களும் விடுபட்டிருப்பதாகப் பல கரைகளிலிருந்து மீனவர்கள் முறையிட்டனர். வரைபடத்தில் இல்லாத ஊரை நாளை ஒரு காகிதத்தால் அப்புறப்படுத்துவது வெகு சுலபம். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதற்காக எடுக்கப்பட்டது. நம் தேசத்து ராக்கெட் நம் கரையிலிருந்து எழும்புவதில் நமக்கும் பெருமையே. ஆனால் ஸ்ரீஹரிக்கோட்டாவில் ஏவுதளம் வந்தபோது யானாதிகள் வீடிழந்ததும், ஏவும் நாட்களில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குப் போகமுடியாமல் கரையில் காத்திருப்பதும் தெரிந்த விஷயங்கள். மணப்பாட்டு மீனவனுக்கும் அமலிநகர் மீனவனுக்கும் அந்த நாட்களின் நஷ்டத்தைக் கொடுப்பது யார், எந்தக் கணக்கில் என்பதை இப்பொழுதே எழுத்தில் வைக்கவேண்டும். சாகுபுரத்து ஆலையின் கழிவுநீரைப் பற்றிக் காயல்பட்டினத்தார் வருஷக்கணக்காக முறையிட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். கரையாருக்குச் சட்டப்படியான பாத்தியதை இருந்திருந்தால், முறையீட்டுக்காரர்களாக வாசலில் நிற்கும் அவர்கள் பாத்தியஸ்தர்களாக உள்ளே உட்கார்ந்து பேசியிருப்பார்கள்.

மீனவர் உரிமைக்கென்று ஒரு தனிச் சட்டம் வேண்டுமென்று டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான குழு 2009-இல் சிபாரிசு செய்தது. சுற்றுச்சூழல் இலாகாவில் ஒரு நகலும் தயாராயிற்று. சட்டமாக அது நிறைவேறவில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம், கன்னியாகுமரி ஜில்லாக்களில் ஓட்டுக் கேட்டுக் கரைக்கு வரும் பார்லிமெண்டு மெம்பர்கள், எந்தக் கட்சியைச் சேர்ந்தவரானாலும், அந்த நகலைத் தூசி தட்டி எடுத்து, வன உரிமைச் சட்டத்தின் சாட்சிய விதிகளை அதில் அப்படியே சேர்த்துச் சபையில் கொண்டுவரவேண்டும். அதற்குள் நம் ஊழியர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்றிருக்கிறது. ஒவ்வொரு கரையூரிலும் படித்த வாலிபர் நால்வர் சேர்ந்து, முதிய தண்டல்களையும் சங்குக் குளித்தவர்களையும் பாசிப் பெண்களையும் உட்காரவைத்து, பாருக்கும் துறைக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களையும் எல்லைகளையும் வழக்கங்களையும் எழுதி, கையொப்பமும் ரேகையும் வாங்கி, கிராம சபையின் தீர்மானத்துடன் கலெக்டர் கச்சேரியில் தாக்கல் செய்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிவைக்கட்டும். தொலையிரம் பாரிலிருந்து தொடங்கலாம்.